வீட்டுக்குப் போகிற பக்கம்

மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது, இதற்குள் நாலு தடவையாவது திட்டியிருப்பாய். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை என்று படித்ததும் நிம்மதி. ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, மருதமலைப் படியில் பாதியில் உட்கார்ந்து சோடா கேட்டவனுக்கு ஜிம்மில் என்ன வேலை என்று, அதற்காகவே நீளமாக எழுதுகிறேன். நான் ஒன்றும் தூக்கவில்லை. கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு என்று கிளை வைத்திருக்கும் ஒரு ஜிம்முக்கு, அடுத்த கிளையை எங்கே போடலாம் என்று பார்த்துச் சொல்கிற வேலை. உறுப்பினர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வந்து கைரேகை வைக்கிறார்கள், எப்போது நின்றார்கள், எல்லாவற்றையும் மேப்பில் போட்டுப் பார்க்க வேண்டும். நீ புவியியல் வாத்தியார், இதெல்லாம் உனக்குப் பிடிக்கும்.

முதல் வாரமே கூத்து. பொள்ளாச்சிக் கிளையின் ஃபைலைத் திறந்து புள்ளி வைத்தால் ஊரில் ஒருத்தரையும் காணோம். தேடித் தேடிப் பார்த்தால் அத்தனை பேரும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, வட துருவக் கடலில் மிதக்கிறார்கள். அட்சக்கோட்டையும் தீர்க்கக்கோட்டையும் எவனோ இடம் மாற்றிப் போட்டிருக்கிறான். நமக்கு 10, 77 என்று வர வேண்டியது 77, 10 ஆகிவிட்டது. உன் பசங்களிடம் சொல், இனி ஒருத்தனும் மறக்க மாட்டான்.

அது கண்ணுக்குத் தெரிகிற தப்பு. தெரியாத தப்புதான் ஆளைக் கவிழ்ப்பது. கோவைக் கிளைகள் எல்லாவற்றிலும் உறுப்பினர்கள் கிளையைச் சுற்றியே மொய்த்தார்கள், ஓனர் அண்ணாவுக்குப் பரம சந்தோஷம், "நான்தான் சொன்னேனே, பக்கத்தில் இருக்கிறவன்தான் வருவான்" என்றார். எனக்கு அந்த மொய்ப்பு கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. ஒரு நாள் ரிசப்ஷனில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். புதிதாகச் சேர வருகிறவர் பாரத்தில் "பிள்ளையார் கோயில் பின்புறம், மாடி" என்று எழுதிக் கொடுக்கிறார், பின்கோடு எழுதுவதில்லை. பின்கோடு இல்லாமல் சாஃப்ட்வேர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ரிசப்ஷன் பெண் என்ன செய்வாள், ஜிம்முடைய பின்கோடையே அடித்துவிடுகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள். கிளையைச் சுற்றிக் குடியிருந்ததாக நாங்கள் நம்பிய கூட்டத்தில் பாதி இப்படிப் பிறந்தது. மீதியில் எத்தனையோ காந்தி நகர், அண்ணா நகர். எந்த ஊர்க் காந்தி நகர் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்.

அப்புறம் முகவரியை நம்புவதை விட்டுவிட்டு ஒரு நோட்டு வாங்கி ரிசப்ஷனில் வைத்தேன். இரண்டு வாரம், வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வி: இப்போது எங்கிருந்து வருகிறீர்கள், இங்கிருந்து எங்கே போவீர்கள்? எண்பது ரூபாய் நோட்டு, மாப்ளே, அதுவரை பார்த்த அத்தனை ஃபைலையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

சிங்காநல்லூர்ப் பக்கம் திருச்சி ரோட்டில் ஒரு கிளை இருக்கிறது. காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை வருகிறவர்களை மேப்பில் போட்டால் தோசை மாதிரி வட்டம், எல்லாம் பக்கத்துத் தெருக்காரர்கள், பல் தேய்த்த கையோடு ஸ்கூட்டியில் வருகிறவர்கள். மாலை ஏழு மணிக்காரர்களைப் போட்டால் வட்டமே இல்லை. ஒண்டிப்புதூர், சூலூர் என்று ரோட்டோடு கிழக்கே நீளுகிற வால். டவுனில் வேலை முடித்து வீட்டுக்குப் போகிற வழியில் இறங்குகிறார்கள். கிளை இடது பக்கம், வண்டியை ஒடிக்காமல் அப்படியே உள்ளே விட்டுவிடலாம். அதே ரோட்டுக்கு எதிர்ப்புறம், கூப்பிடு தூரத்தில் இருக்கிற காலனியிலிருந்து மாலையில் வருகிறவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவு. அவர்கள் யூ டர்ன் போட வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிறவன் பஜ்ஜிக்கு வேண்டுமானால் யூ டர்ன் போடுவான், டம்பெல்லுக்குப் போட மாட்டான்.

கடை பெரிதானால் இழுப்பு கூடும், தூரம் கூடினால் குறையும் என்று டேவிட் ஹஃப் என்ற அமெரிக்கர் 1960களில் ஒரு சூத்திரம் போட்டார், நானும் முதலில் அதை வைத்துத்தான் கணக்குப் பார்த்தேன். அந்தத் தூரத்துக்குக் காக்கா பறக்கிற நேர்த் தூரத்தைப் போட்டால் அதற்கு ரோட்டு நடுவில் இருக்கிற சுவர் தெரியாது, ரயில்வே கேட்டும் தெரியாது.

இன்னொன்று. பணம் கட்டியவர்களை எண்ணினால் ஒரு மேப், வந்தவர்களை எண்ணினால் வேறு மேப். டெல்லாவிஞ்யா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006இல் அமெரிக்க ஜிம்களை வைத்து எழுதியது நினைவிருக்கிறதா, நான் ஒரு தடவை சொன்னேன்: மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் வந்தார்கள், ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது, ஒரு தடவைக்கு 10 டாலரே ஆகிற சீட்டு அங்கேயே விற்றது. இங்கேயும் பொங்கல் ஆஃபரில் சேர்ந்து மாசி பிறப்பதற்குள் காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் எந்தப் பேட்டையில் அதிகமோ அங்கே கிளை போட்டால் ஓனருக்கு லாபமா நஷ்டமா என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். அவர் லாபம் என்கிறார்.

இனி நான் உன்னிடம் சொல்ல நினைத்த விஷயம். வீட்டுப் புள்ளிகள் போட்ட மேப்பை அச்சடித்து ஒரு கூட்டத்தில் மேஜை மேல் விரித்து வைத்திருந்தேன். பெயர் இல்லை, நம்பர் இல்லை, வெறும் புள்ளி. ஒரு டிரெய்னர் பையன் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு சந்துக் கோடியில் தனியாக இருந்த புள்ளியில் விரல் வைத்து, "இது அந்த மேடம் வீடுதானே" என்றான். கெட்ட பையன் இல்லை. ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த அம்மா இரவு எட்டு மணிக்குத் தனியாக வண்டியெடுத்துப் போகிறவர்.

அன்றே மேப்பைச் சுருட்டி எடுத்து வந்து, அட்ச, தீர்க்கக்கோட்டு எண்களில் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டேன். நாலு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், வீட்டு வாசலே தெரியும். இரண்டு என்றால் ஒரு கிலோமீட்டர் சொச்சம். கிளை போட அது போதும். இதற்கு நடுவில் ஒரு ஏஜென்சிக்காரர் வந்து, ஜிம் ஆப்பிலேயே ஆட்கள் நாள் முழுக்கப் போகிற இடத்தைப் பிடித்துத் தருகிறேன் என்றார். நான் 2018இல் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சி ஆப்பின் மேப்பில் ஓட்டப் பயிற்சி செய்த சிப்பாய்களின் தடத்தை வைத்து ராணுவ முகாம்கள் வெளியே தெரிந்த கதையைச் சொன்னேன், அண்ணா அசையவில்லை. 2023ஆம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்றதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஏஜென்சிக்காரர் மறுபடி வரவில்லை.

இவ்வளவு பாடுபட்டு, சத்தி ரோட்டில் கணபதி தாண்டி இடது பக்கம் ஒரு இடம் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணா பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே ரோட்டில் வலது பக்கம் பிடித்துவிட்டார். மச்சான் கட்டடமாம், வாடகை பாதி. எனக்குக் கடுப்புதான், ஆனால் அந்த வாடகைக்குக் காலைக் கூட்டம் மட்டும் வந்தாலே கட்டுப்படியாகும் போலத்தான் தெரிகிறது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தை மாதம் திறப்பு. நோட்டு ஒன்று இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

அப்பாவை வாக்கிங் போகச் சொல்லியிருக்கிறார்களா? கோவை வந்தால் ரேஸ்கோர்ஸில் நடக்கலாம், ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர்தான், பாதியில் உட்கார பெஞ்சும் உண்டு. சோடா நான் வாங்கித் தருகிறேன்.

உன் பழைய ரூம்மேட்