அக்காவின் இடுப்பு மூட்டு குறித்து

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. அறுவை முடிந்த மூன்றாம் நாளே அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடந்தார் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. கழுத்துப் பகுதியில் முறிந்த தொடை எலும்பை ஆணியிட்டுச் சேர்க்காமல், பந்து போன்ற அதன் தலையை எடுத்துவிட்டு உலோகத்தை வைத்துவிட்டார்களே என்று அத்தான் குறைப்படுவதாக எழுதியிருந்தாய்.

தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்தத்தில் பெரும்பகுதி, அதன் கழுத்தை ஒட்டி மேலேறும் நுண்ணிய நாளங்கள் வழியாகவே செல்கிறது. கழுத்து முறிந்து துண்டுகள் விலகும்போது அந்த நாளங்களும் சிதைவதால், தலை உயிரிழந்து நாளடைவில் நொறுங்கிப்போகலாம். இளம் வயதினருக்கு அந்த ஆபத்தைத் தெரிந்தே திருகாணியிட்டுப் பார்ப்போம். 78 வயதில், எலும்பை மெலியச் செய்யும் எலும்புப்புரையால் சல்லடையாகிவிட்ட எலும்பில், திருகாணிக்குப் பிடிப்புக் கிடைப்பதே கடினம், தவறினால் இன்னோர் அறுவை. விலகாத முறிவாக இருந்திருந்தால் நானும் ஆணியையே சொல்லியிருப்பேன். நீ அனுப்பிய எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே விலகியிருந்தது.

அந்தத் தலை பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணத்தை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் மாற்றியது சிக்கனத்துக்காக அன்று. 50 வயதைக் கடந்த ஏறத்தாழ 1,500 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், மறு அறுவை தேவைப்படுவதில் இரண்டையும் மாற்றும் முழு மாற்றத்துக்கும் பந்தை மட்டும் மாற்றும் பாதி மாற்றத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வீட்டளவில் நடமாடும் அக்காவுக்கு இதுவே போதும். சிமெண்ட் வைத்ததும் சரிதான். மெலிந்த எலும்பில் சிமெண்ட் இல்லாமல், பந்தைத் தாங்கும் உலோகத் தண்டை இறக்கினால், அதைச் சுற்றி எலும்பு உடையும் வாய்ப்பு கூடும்.

என் கவலை வேறு. நின்ற நிலையில் இருந்து சரிந்ததற்கே இடுப்பு முறிந்திருக்கிறது என்றால் எலும்புப்புரை முற்றியிருக்கிறது என்று பொருள். புதிய மூட்டு அதைக் குணப்படுத்தாது, மறுபக்க இடுப்பும் அதே எலும்புதான். வீட்டுக்கு அனுப்பிய சீட்டில் கால்சிய மாத்திரை மட்டுமே இருப்பதைப் பார்த்து எனக்கு எரிச்சலே வந்தது. இடுப்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு, 90 நாள்களுக்குள் தொடங்கி ஆண்டுக்கொரு முறை 5 மில்லிகிராம் ஜோலெட்ரானிக் அமிலம் என்ற எலும்புப்புரை மருந்தை இரத்த நாளம் வழியாகச் செலுத்திய 2007-ஆம் ஆண்டு ஆய்வில், புதிய முறிவுகள் 35 விழுக்காடு குறைந்தன, இறப்பும் குறைந்தது. அதற்கு முன் சிறுநீரகம், வைட்டமின் டி ஆகிய இரண்டையும் பார்த்தாக வேண்டும். ஆடும் பல் ஏதேனும் இருந்தால் அதையும் முன்னதாகவே கவனித்துவிடுங்கள்.

தரையில் சம்மணமிடுவதையும் குந்துவதையும் அக்கா இனி மறந்துவிட வேண்டும். பூசைக்கு உயரமான நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொடு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு வந்ததும் எழுது, ஊசியைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கோபாலன்