தங்கத் திட்டக் காலம் பற்றி ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாணயங்களின் வரலாறு குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நோட்டுக்கு ஈடாகத் தங்கம் கொடுக்கப்பட்ட காலத்தில் அரசாங்கமோ மத்திய வங்கியோ பணத்தில் கைவைக்க முடிந்ததே இல்லை என்று கட்டுரையாளர் உறுதிபடச் சொல்லியிருக்கிறார். பொருளாதார வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை.

அவர் முன்மாதிரியாகக் காட்டும் இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். 1797 பிப்ரவரியில், பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சத்தில் மக்கள் நோட்டுகளைக் கொடுத்துத் தங்கம் கேட்டு வங்கிகளை மொய்த்தபோது, தங்கம் கொடுப்பதை நிறுத்தும்படி, பின்னாளில் அந்நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கிக்கு அரசே ஆணையிட்டது. தற்காலிகம் என்று வந்த அந்தத் தடை, பிரான்சுடனான போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1821இல்தான் முழுமையாக நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் தங்கக் காசுக்கு மாற்றாக 1 பவுண்டு, 2 பவுண்டு நோட்டுகள் முதன்முறையாக எளியவர்கள் கைக்கும் வந்தன. எளிய அச்சில் வந்த அவற்றைப் போலியாகத் தயாரிப்பது கடினமாக இருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கோ எது நல்ல நோட்டு, எது கள்ளநோட்டு என்று பிரித்தறிய வழியில்லை. கள்ளநோட்டு வழக்குகளில் நூற்றுக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டார்கள். பணக்கொள்கை பற்றிய விவாதங்களில் இவர்களை யாரும் நினைவுகூர்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

அடுத்து 1844ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்து வங்கி, அரசுக் கடன் பத்திரங்கள் போன்றவற்றின் ஈட்டில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டு வரையில்தான் நோட்டு வெளியிடலாம், அதற்கு மேல் வெளியிடும் ஒவ்வொரு நோட்டுக்கும் உலோக இருப்பு வேண்டும் என்று அது வரம்பு கட்டியது. அந்த வரம்பு 1847, 1857, 1866 ஆகிய மூன்று நெருக்கடிகளிலும் தளர்த்தப்பட்டது. 1866 மே மாதம் ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிதி நிறுவனம் கதவை மூடிய மறுநாள் லண்டன் நகரமே கலங்கியது. வட்டியை 10 சதவீதமாக வைத்துக்கொண்டு, தேவையானால் சட்ட வரம்பை மீறியும் கடன் கொடுக்கலாம் என்று அரசு இங்கிலாந்து வங்கிக்குக் கடிதம் அனுப்பியது. வங்கி வரம்பை மீற வேண்டியே வரவில்லை, 1847இலும் அப்படித்தான். அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தி பரவியதுமே, பதுக்கிய நோட்டுகள் வெளியே வரத் தொடங்கின. 1857இல் மட்டும் வரம்பு உண்மையாகவே மீறப்பட்டது. ஆக, அந்த மூன்று முறையும் பீதியை அடக்கியது பெட்டகத்திலிருந்த தங்கம் அன்று. சட்டத்தைத் தளர்த்தத் துணிந்த முடிவு.

தங்கத் திட்டத்தால் நன்மையே இல்லை என்பது என் வாதமன்று. நீண்ட காலக் கடன் பத்திரங்களை மக்கள் நம்பி வாங்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 1821இல், பிரான்சுடனான போருக்கு முந்தைய பழைய மதிப்பிலேயே தங்கத்துக்குத் திரும்புவது என்ற தீர்மானமும் மனிதர்கள் எடுத்ததுதான்; அதையொட்டி விலைகள் சரிந்தபோது, விலை உயர்ந்திருந்த காலத்தில் கடன் வாங்கியவர்களே அதன் சுமையைத் தாங்கினார்கள்.

இதே தீர்மானத்தைப் பிரிட்டன் முதல் உலகப் போருக்குப் பின் 1925இல் மீண்டும் எடுத்து, 1931 செப்டம்பரில் கைவிட்டது. கட்டுரையாளர் தம் தொடரில் அந்த ஆறு ஆண்டுகளை எழுதும்போது, தங்கத்தின் இருப்போடு நில்லாமல், முடிவெடுத்தவர் யார், அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் விரிவாக எழுதுமாறு தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்