பாப்பாவுக்கு, பொன்மலையிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்பு போலத்தான். சின்னவன் விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை நேரில் சொல்கிறேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். நீ கோ-பைலட்டாக ஓட்டுகிற விமானத்துக்குள் காற்று எவ்வளவு வறண்டது என்று நீதான் சொன்னாய். காக்பிட்டை விட்டு ஒருவர் வெளியே போனால் கேபின் க்ரூ ஒருவர் உள்ளே வந்து இருக்க வேண்டும், அந்தச் சங்கடத்துக்காகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறேன் என்றும் நீதான் சொன்னாய். அது வேண்டாம். சிறுநீரகக் கல்லோடு சித்தப்பா பட்ட பாட்டைப் பார்த்தவள் நீ. அந்த வலி நடுவானில் வந்தால் கேப்டன் தனி ஆளாகிவிடுவார். விமானம் ஓட்ட உடல் தகுதி உண்டு என்று தருகிற உன் மெடிக்கல் சான்றிதழும் கல் போகிற வரைக்கும் நின்றுவிடும். தண்ணீர் குடி.

உன் விமானம் நாக்பூரில் அவசரமாக இறங்கிய விஷயம் எதிர்வீட்டு ஆசிரியர் டிவியில் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ராத்திரி நீ பேசியபோது "சின்னக் கோளாறுப்பா" என்றாய். கேபின் அழுத்தம் போய், மாஸ்க்கோடு 36,000 அடியிலிருந்து 10,000 அடிக்கு இறக்குவது சின்னக் கோளாறா? அந்த உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாக யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. முதலில் உன் மாஸ்க்கை மாட்டினாய், அப்புறம்தான் மற்றதைப் பார்த்தாய். கேப்டன் உன்னைப் பாராட்டி எழுதியதாக உன் தோழி சொல்லி அம்மா அழுதுவிட்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்தது. அதையாவது நீ சொல்லியிருக்கலாம்.

2024 அக்டோபரில் நம் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே 140 பேருக்கு மேல். எரிபொருளைத் தீர்க்கச் சுற்றுகிறார்கள், பயப்படாதீர்கள் என்று போனில் அம்மாவைத் தேற்றியவள் நீ. பத்திரமாக இறங்கியதும் ஊரே அந்த பைலட்டுகளைக் கொண்டாடியது. அன்று ராத்திரி அவர்கள் தூங்கினார்களா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

நாக்பூருக்குப் பிறகு இந்த மாதிரி விபத்து அறிக்கைகளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். அம்மா திட்டுகிறாள். 2005-இல் சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குப் போன ஹீலியோஸ் விமானத்தில் கேபின் அழுத்தம் ஏறவே இல்லை. எச்சரிக்கை மணி அடித்தும், அது வேறு எதற்கோ அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். தங்கள் மூளை மங்கிக்கொண்டிருப்பது அவர்களுக்கே தெரியவில்லை. 121 பேர் போனார்கள். 2010-இல் மங்களூரில் 158 பேர். கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருக்கிறார், குறட்டைச் சத்தம் ரெக்கார்டரில் பதிவாகியிருந்தது. தூக்கக் கலக்கம் தெளியாமல்தான் இறக்கினார், மறுபடி மேலே ஏறிவிடலாம் என்று கோ-பைலட் சொல்லியும் கேட்கவில்லை என்று விசாரணையில் வந்தது. அவர் அனுபவம் இல்லாதவர் இல்லை, பாப்பா.

ரயில் இன்ஜின் ஓட்டிய காலத்தில் லோகோவில் நான் பார்த்ததும் இதுதான். ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும், மணி அடிக்கும், அப்போதும் பித்தானை அழுத்தாவிட்டால் பிரேக் பிடித்துவிடும். அரைத் தூக்கத்தில் கை தானாகப் போய் அந்தப் பித்தானை அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் "தூங்கலையே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியாது. களைத்தவனிடமே போய் களைப்பா என்று கேட்டு அதை நம்ப முடியாது.

2025 ஜூலையில் உங்கள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கினார்கள் என்றதும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் ஓய்வைத்தான் சட்டம் கொடுக்கும், தூக்கத்தைக் கொடுக்காது. பொங்கலுக்கு வந்திருந்தபோது நடுராத்திரியில் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தாய். புழுக்கம் என்றாய். தை மாதத்தில் என்ன புழுக்கம், பாப்பா? மறுநாளும் நடந்தாய். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெரியத்தை தூக்கத்துக்கென்று கொடுத்தனுப்பிய அரிஷ்டத்தைத் தொடாதே. புளிக்கவைத்துச் செய்வது, அதில் இயற்கையாகவே ஆல்கஹால் இருக்கும். டியூட்டிக்கு முன்னால் ஊதச் சொல்லும்போது என்ன பதில் சொல்வாய்? கடையில் மாத்திரை வாங்கியும் போடாதே.

விமான மருத்துவரிடம் போ. தூக்கம் வரவில்லை என்று அவரிடம் உன் வாயால் சொல். சொன்னால் மெடிக்கல் போய்விடுமோ என்ற பயம் உங்கள் எல்லோருக்கும் உண்டு என்று எனக்குத் தெரியும். தற்காலிகமாக அன்ஃபிட் என்றுதான் போடுவார்கள், போடட்டும். நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்குச் சர்க்கரை ஏறி, வண்டியிலிருந்து இறக்கி ஷெட்டில் உட்காரவைத்தார்கள். வண்டி ஓட்டினால் கிடைக்கிற ரன்னிங் அலவன்ஸ் போயிற்று, வீட்டில் கஷ்டம்தான். சரியானதும் திரும்ப வண்டி ஏறினேன். நீயும் ஏறுவாய். நாக்பூரில் மாஸ்க்கை முதலில் உனக்குத்தானே மாட்டினாய்? இப்போதும் அதையே செய் என்றுதான் கேட்கிறேன்.

டிரெயினிங் கடனை நினைத்துத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்றால் அதை விட்டுவிடு. என் பென்ஷன் வருகிறது, பொன்மலைப்பட்டி மனையும் இருக்கிறது. அதை உன் கல்யாணத்துக்கு என்று அம்மா வைத்திருக்கிறாள், ஆனால் கடனுக்காக அதை விற்க அவளே சம்மதம் சொல்லிவிட்டாள். ஆமாம், நேற்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம்.

டாக்டரிடம் என்றைக்குப் போகிறாய் என்று மட்டும் எழுது, அல்லது மெசேஜ் போடு. எனக்குத்தான் ரயில்வே பாஸ் இருக்கிறதே, முந்தின ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் எழும்பூர் வந்துவிடுவேன். நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், நீ உள்ளே போய்ப் பேசிவிட்டு வா. அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், அதையும் கொண்டுவருகிறேன். தண்ணீர் குடி.

அன்புடன்
அப்பா