ஒலிப்பதிவுக் கணினி முடங்கினால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வீட்டில் பாடல் பதிவு செய்யப் புதுக் கணினி வாங்குவோர், பதிவின் நடுவே விண்டோஸ் முடங்கியதைக் காட்டும் நீலத்திரை தோன்றினால், ஒலிப்பதிவு மென்பொருளையே குறைகூறி அதை நீக்கி மீண்டும் நிறுவுகின்றனர். அத்தகைய மென்பொருள் மட்டும் விண்டோஸ் முழுவதையும் வீழ்த்துவது அரிது. பெரும்பாலும், கருவிகளை விண்டோஸுடன் இணைத்து இயக்கும் மென்பொருளான டிரைவரோ வன்பொருளோதான் காரணம். எனவே முதலில் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளைக் கொண்டு ஓர் இரவு முழுக்கக் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைச் சோதித்து, ஒரு பிழை வந்தாலும், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயாஸில் அணைத்து, பிறகும் பிழை நீடித்தால் ரேம் பட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும். ரேம் சரியெனில், மைக்கைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின், ஒலியைக் குறைந்த தாமதத்தில் கடத்தும் அசியோ டிரைவரைப் புதுப்பிக்கலாம். ஒலித்தரவைச் சற்றே சேர்த்துவைக்கும் பஃபரை 64-லிருந்து 256 சாம்பிளாக உயர்த்துவது ஒலியில் எழும் படபடப்பைத் தணிக்குமே தவிர, பழுதான ரேமைச் சரிசெய்யாது. பாடகர் மனமொன்றிப் பாடிய பதிவு அழிவது பேரிழப்பு என்பதால், கணினியைப் பொருத்தித் தரும் கடைக்காரர்கள் இச்சோதனையை முடித்த பிறகே அதை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இசை ஆர்வலர் ஒருவர்