பச்சைப் பூனைப் படம் குறித்து மூர்த்திக்கு

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து நாளாகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டதால் கொஞ்ச காலம் எழுத்து, படிப்பு இரண்டுக்கும் தடை. இப்போது நன்றாகத் தெரிகிறது. கடிதத்தோடு நீ வைத்திருந்த படமும், ஆய்வகத்தில் மரபணு மாற்றிப் பச்சையாக ஒளிரவைத்த பூனையின் படம், தெளிவாகத் தெரிந்தது. "இவங்களுக்கு வேற வேலையே இல்லையா? வாயில்லாப் பிராணியை இப்படியா பண்றது?" என்று கேட்டிருந்தாய். ஆய்வகத்திலேயே காலம் தள்ளியவன் என்பதால் என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டாய். சரி, சொல்கிறேன்.

முதலில், அந்தப் பூனை இருட்டில் தானாக மின்னாது. மின்மினி தன் ஒளியைத் தானே உண்டாக்குகிறது. இது வேறு. புற ஊதா ஒளியோ நீல ஒளியோ மேலே பட்டால், உடம்பில் இருக்கும் ஒரு புரதம் அதை வாங்கிக்கொண்டு பச்சையாகத் திருப்பி அனுப்பும். விளக்கை அணைத்தால் அது சாதாரணப் பூனைதான். பத்திரிகைகள் இந்த விளக்கைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை.

அந்தப் புரதம் ஒரு ஜெல்லிமீனிலிருந்து வந்தது. ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானியர் 1961-இல் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஜெல்லிமீன்களைப் பிடித்து, குடை போன்ற உடலின் ஓரத்தை வெட்டி எடுத்து, ஒளி எதிலிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலை முடிந்து மிச்சச் சாற்றைத் தொட்டியில் கொட்டியதும் தொட்டி முழுக்க நீலமாகப் பளிச்சிட்டது. அந்தத் தொட்டிக்குள் கடல்நீர் வழிந்துகொண்டிருந்தது; அதிலிருந்த கால்சியம்தான் ஒளியைத் தூண்டியிருக்கிறது. அந்த நீல ஒளிப் புரதத்தைப் பிரிக்கும்போது கூடவே வந்த பச்சைப் புரதத்தை 1962-இல் கட்டுரையில் போகிற போக்கில் குறிப்பிட்டார். உலகம் முழுக்க இன்று பயன்படுவது அந்தப் பச்சைதான்.

இந்தக் கதையில் எனக்கு மனசு ஆறாத ஆள் டக்ளஸ் பிரேஷர். அந்தப் புரதத்தின் மரபணுவை 1992-இல் பிரித்தெடுத்துப் படித்தவர் அவர்தான். ஆராய்ச்சிக்குப் பணம் தீர்ந்ததும் மரபணுவை மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் என்ற இரண்டு ஆய்வாளர்களுக்கு அனுப்பி வைத்தார். 2008-இல் ஷிமோமுராவோடு அவர்கள் இருவருக்கும் நோபல் கிடைத்தபோது, பிரேஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அந்த இருவரும் தங்கள் செலவில் அவரை ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துப் போனார்கள். பிற்பாடு சியனின் ஆய்வகத்திலும் வேலை செய்தார். இருந்தாலும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

சால்ஃபி 1994-இல் அந்த மரபணுவை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுக்குள் வைத்தார். ஜெல்லிமீனின் வேறு நொதிகள் துணைக்கு வந்தால்தான் வேலை நடக்கும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் வரிசையாக நிற்கும் மூன்று அமினோ அமிலங்கள் தாமாகவே வளைந்து கூடி நிறமியாகிவிடுகின்றன. கொஞ்சம் ஆக்சிஜன் போதும். ஆகவே எந்த உயிருக்குள்ளும் வேலை செய்யும். அந்த மாதிரிப் புழுவை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். உடம்பு முழுக்க இருட்டு. தொடுதலை உணரும் நரம்புச் செல்கள் மட்டும் பச்சைப் பொட்டுகளாகவும், அவற்றிலிருந்து ஓடும் இழைகள் முடியைவிட மெல்லிய கோடுகளாகவும் தெரியும். புழு நெளிந்தால் கோடும் நெளியும். உயிரோடு இருக்கிறது, அதுதான் விஷயம். அதற்கு முன்பு எந்தச் செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று அறிய, பெரும்பாலும் பிராணியைக் கொன்று, திசுவைப் பதப்படுத்தி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இப்போது உன் பூனைக்கு வருகிறேன். அது எந்த ஆய்வகத்துப் பூனை என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 2011-இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிறந்த பச்சைப் பூனைகளுக்குள் குரங்கின் மரபணு ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. பூனைகளுக்கு வரும் எய்ட்ஸ் போன்ற நோயின் வைரஸை அது தடுக்குமா என்பதே கேள்வி. அந்த மரபணு உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று காட்ட வைத்த அடையாளம்தான் பச்சை. அடையாளத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டுவிட்டு, கேள்வியை விட்டுவிடுகிறார்கள்.

அதற்காக உன் கேள்வியை நான் தள்ளவில்லை. ஒன்றைச் சொல்கிறேன். ஆண்டி என்ற ரீசஸ் குரங்கு 2000-இல் ஓரிகனில் பிறந்தது. 224 கருமுட்டைகளில் பச்சைப் புரதத்தின் மரபணுவைப் புகுத்தி, 40 கருக்களைக் குரங்குகளின் கருப்பையில் வைத்து, கடைசியில் உயிரோடு பிறந்தவை மூன்று. அதில் அந்த மரபணு இருந்தது ஆண்டிக்கு மட்டும்தான். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒளிரவில்லை! இந்தக் கணக்கு எந்தப் படத்திலும் வராது. கொடுமை என்று நீ சொல்வதை ஒளியில் தேடாதே, இந்தக் கணக்கில் தேடு. ஒளிர்வதால் அந்தப் பிராணிக்கு வலிப்பதாகச் சொல்ல ஆதாரமில்லை.

அப்புறம், உடம்பெல்லாம் ரோமம் வரை பச்சையாக எரிகிற படங்களைச் சந்தேகத்தோடு பார். 1997-இல் ஜப்பானில் உருவாக்கிய பச்சை எலிகளில்கூட, முடியும் ரத்தச் சிவப்பணுக்களும் ஒளிரவில்லை.

எனக்கு உண்மையில் பிடிக்காதது மீன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தண்ணீரில் நச்சு இருந்தால் ஒளிர்ந்து காட்டும் மீனை உருவாக்கத்தான் முயன்றார்கள். வழியில் எப்போதும் ஒளிர்கிற வரிக்குதிரை மீன் பிறந்தது; 2003 கடைசியில் அது அமெரிக்காவில் அலங்கார மீனாக விற்பனைக்கு வந்துவிட்டது. இங்கே அடையாளமே சரக்கு. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கவில்லை. தடை இருந்த பிரேசிலிலும் மீன் பண்ணைகளிலிருந்து தப்பி, அட்லாண்டிக் காட்டு ஓடைகளில் பூச்சிகளைத் தின்று இனப்பெருக்கம் செய்வதாக 2022-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சாதாரண மீன்களோடு தொட்டியில் கலந்து வளர்த்த ஒரு சோதனையில், 15 தலைமுறைக்குள் ஏறக்குறைய எல்லாத் தொட்டிகளிலும் ஒளிரும் மரபணு அழிந்துபோனது. பெண் மீன்கள் ஒதுக்கியதால் இல்லை. சாதாரண ஆண் மீன்கள் ஒளிரும் ஆண்களை விரட்டியடித்ததால். ஆனால் தொட்டி வேறு, ஓடை வேறு.

உன் பேரன் கேட்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதே மீன்தான். சட்டம் இடம் கொடுக்கிறதா என்று முதலில் விசாரி. கொடுத்தாலும் நான் வாங்கித் தர மாட்டேன். நீ தாத்தா, உன் மனசு கேட்காது. வாங்கினால், சலித்துப் போனதும் ஆற்றிலோ குளத்திலோ விடக்கூடாது என்று இப்போதே சொல்லி வை.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். கமலா சும்மா விட்டாளா? மருத்துவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுது. படம் வேண்டாம்.

அன்புடன்,
ராகவன்