பணியிலிருந்தபடியே முனைவர் பட்டம்: பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பல்கலைக்கழக மானியக் குழு,
பகதூர் ஷா ஜஃபர் மார்க், புது தில்லி.

பொருள்: முழுநேரப் பணியில் இருப்போருக்கான, பணிசார்ந்த தலைமைத்துவ முனைவர் பட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் தில்லியில் ஒரு பள்ளியின் துணை முதல்வராகப் பணியாற்றுகிறேன். 2023 முதல் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளராகவும் இருக்கிறேன். தம் பணியிடத்தில் எழும் சிக்கலையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற எங்களுக்கு வழி வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இதையே தங்கள் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டேன். ஆர். கே. புரத்திலும் ஜனக்புரியிலும் பகலில் பள்ளியை நடத்திவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆய்வேட்டைத் திறக்கும் தமிழாசிரியர்களை நான் அறிவேன். அவர்களும் படித்து, என் வாதத்தில் பிழையிருந்தால் சொல்ல வேண்டும் என்பதற்காகவே தமிழில் மீண்டும் எழுதுகிறேன்.

தாங்கள் 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் பகுதிநேர ஆய்வுக்கு இடமளிக்கின்றன, அதற்காக நன்றி. ஆனால் அவற்றின்படி எங்களைப் போன்றவர்கள் பணியிடத்திலிருந்து பெற்றுத் தர வேண்டிய தடையின்மைச் சான்றைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அலுவல் பொறுப்புகள் இடம் தருகின்றன, தேவைப்பட்டால் பாடநெறியை (கோர்ஸ்வொர்க்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற மூன்று உறுதிமொழிகள் அதில் இருக்க வேண்டும். மூன்றும் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவையே. ஆயினும் வேலை ஒருபுறம், ஆய்வு மறுபுறம், இரண்டுக்கும் நடுவே நேரத்தைப் பங்கிட வேண்டும் என்ற எண்ணமே மூன்றிலும் ஓடுகிறது. வேலையே ஆய்வின் களமாக இருக்கக்கூடும் என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு வரி கூட இல்லை.

விடுவிக்கப்படுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வார நாள்களில் காலை பதினோரு மணிக்கு நடந்த பாடநெறி வகுப்புகளுக்கு என் ஈட்டிய விடுப்பு தீர்ந்தது. பிறகு ஊதியமில்லா விடுப்பு. கையொப்பமிட்ட நிர்வாகத்தின்மீது எனக்குக் குறையில்லை, தேர்வுக் காலத்தில் துணை முதல்வரை விடுவித்துவிட்டு அவர்கள்தாம் என்ன செய்வார்கள்?

நான் சொல்ல வந்தது வேறு. என் முதல் ஆய்வுச் சுருக்கம், தலைமையாசிரியர்களின் தலைமைப் பாணிக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. வழக்கமான ஐந்து புள்ளி வினாநிரல், வழக்கமான புள்ளியியல். பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஆலோசனைக் குழு உடனே ஏற்றுக்கொண்டது. 2025 ஜூன் 1 அன்று ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி, உயர் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டது. பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் தகுதி பெற்றவர்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது; மற்றவர்கள் கிடைத்த இடத்தில் வாடகைக்குப் போனார்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, அங்கிருந்து எங்களிடம் வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் பலர் வரவில்லை. நரேலா இருப்பது தில்லியின் வட கோடியில்; பேருந்து மாறி மாறி வந்து சேர்வதற்குள் முதல் பாடவேளை முடிந்துவிடும்.

அந்தப் பருவம் முழுவதும் நான் செய்த வேலை, செயலாய்வு என்று எங்கள் பி.எட். பாடநூல்கள் சொல்வது எதுவோ அதுதான்: ஒன்றைச் செய்துபார்த்து, விளைவைப் பதிந்து, திருத்தி மீண்டும் செய்வது. முதலில் வகுப்பாசிரியர்கள் மாலையில் பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்க ஏற்பாடு செய்தோம். இரண்டு வாரம் கழித்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் மாற்றமே இல்லை. எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் தந்தையரின் எண்கள், அவர்கள் அழைப்பை எடுக்கும் நிலையில் இல்லை. பிறகுதான், தாய்மார்களில் பலர் ஜங்புராவில் முன்பு வேலை பார்த்த வீடுகளிலேயே இன்னமும் வீட்டுவேலை செய்கிறார்கள் என்பதும், அதற்காக விடியுமுன்னே நரேலாவில் பேருந்து ஏறுகிறார்கள் என்பதும் தெரிந்தது. பிள்ளைகள் அவர்களோடு வந்துவிடலாம், பள்ளிக் கதவு திறந்திருந்தால். கதவை ஆறு மணிக்கே திறப்பதென்றால் ஓர் ஆசிரியர் முறைவைத்து வர வேண்டும். ஆசிரியர் அறையில் எழுந்த எதிர்ப்பை, அந்த வாரம் அவர்களுக்கு சப்ஸ்டிடியூஷன் (வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுப்பது) கிடையாது என்று சொல்லித்தான் சமாளித்தோம். எல்லாப் பிள்ளைகளும் திரும்பவில்லை. ஆனால் எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்பதற்கான நாளேடும் பதிவேடும் கூட்டக் குறிப்புகளும் என்னிடம் உள்ளன.

இதையே ஆய்வேடாக்க விரும்பி ஆய்வு ஆலோசனைக் குழுவிடம் கேட்டேன். தலைப்பை இந்த அளவுக்கு மாற்றினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்றார்கள். இரண்டாவது காரணமே என்னை இந்த மடலை எழுத வைத்தது: “உங்கள் பள்ளியையே நீங்கள் ஆராய்ந்தால் அது ஆய்வாகாது, பணி அறிக்கையாகிவிடும். வேறு பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.” வேறு பள்ளியின் கதவை ஆறு மணிக்குத் திறக்க எனக்கு ஏது அதிகாரம்?

குழுவின் ஐயத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. என் கீழ்ப் பணிபுரியும் ஆசிரியரிடம் நான் பேட்டி கேட்டால், அவர் தரும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது? அவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவள் நான். என் முடிவு தவறாகப் போனதை நானே நேர்மையாக எழுதுவேனா என்பதும் நியாயமான கேள்வி. பேட்டிகளை வெளியாள் ஒருவர் எடுப்பது, மூலக் குறிப்புகளைத் தேர்வாளர் பார்வைக்கு வைப்பது, தோல்வியடைந்த முயற்சிக்கும் ஆய்வேட்டில் சம இடம் தருவது என இதற்கு வழிகள் உண்டு. அவற்றை நிபந்தனையாக்கினால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். கதவையே சாத்துவதுதான் ஏற்க முடியாதது.

இது புதுமையான வேண்டுகோளும் அன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகம் கல்வியில் தொழில்முறை முனைவர் பட்டத்தை 1921லேயே வழங்கத் தொடங்கியது. அப்பட்டம் காலப்போக்கில் பிஎச்.டி.யின் மங்கலான நகலாகிவிட்டது என்ற விமரிசனம் எழுந்ததால், 2007இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, அப்பட்டத்தைச் சீரமைக்கும் கார்னகி முன்னெடுப்பின்கீழ் ஒன்றுசேர்ந்து, பணியிடத்தில் உண்மையாக எழும் சிக்கலை மையமாகக் கொண்ட ஆய்வேட்டை வடிவமைத்தன. பட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தரத்தைத் தனியே வகுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பாடமும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. நம் நாட்டு மருத்துவத்தில் டி.எம்., எம்.சிஎச். என்னும் உயர் சிறப்புப் பட்டங்களுக்குப் பயில்வோர் வார்டிலும் அறுவை அரங்கிலும்தாம் கற்கிறார்கள். நோயாளியைப் பார்ப்பது படிப்புக்கு இடையூறு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. தாங்களே 2022இல் வெளியிட்ட பணித்துறைப் பேராசிரியர் வழிகாட்டுதல்கள், 15 ஆண்டு அனுபவம் உள்ளவர் முறையான கல்வித் தகுதி இன்றியே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கலாம் என்கின்றன. அனுபவத்தால் கற்பிக்கத் தகுதி பெற்றவர், அதே அனுபவத்தை ஆராய்ந்து பட்டம் பெற இயலாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

வழி இல்லாத இடத்தில் கடைகள் திறக்கப்படுகின்றன. வேலையை விடாமல் இணையவழியில் குறுகிய காலத்தில் டாக்டர் ஆகலாம் என்னும் விளம்பரம் என் கைபேசிக்கு வாரம் ஒன்றாவது வருகிறது. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் நடத்தும் இணையவழி முனைவர் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2022 அக்டோபரில் தாங்கள் எச்சரித்தது சரியே. ஆனால் பணம் கட்டி ஏமாந்த என் சக ஆசிரியை அந்த எச்சரிக்கையை வாசித்தவர்தாம். அவருக்குத் தேவைப்பட்டது இன்னோர் எச்சரிக்கை அன்று, சேரத்தக்க ஒரு நல்ல படிப்பு.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்கீழ் பட்டங்களைக் குறிப்பிடும் பொறுப்பு தங்களுடையது. ஆகவே, பணிசார்ந்த தலைமைத்துவ முனைவர் பட்டத்துக்குத் தனி ஒழுங்குமுறை வகுக்க வேண்டுகிறேன். அதில் தரம் தளரக் கூடாது. பாடநெறியின் 12 கிரெடிட்டோ வாய்மொழித் தேர்வோ குறைய வேண்டியதில்லை. பாடநெறி வகுப்புகள் சனிக்கிழமைகளிலும் கோடை விடுமுறையிலும் நேரில் நடக்கட்டும். ஆலோசனைக் குழுவில் அந்தத் துறையில் பொறுப்பு வகித்த ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். களத்தில் சிக்கல் மாறும்போது, காரணத்தைப் பதிவு செய்து, மறுபதிவு இன்றித் தலைப்பைத் திருத்த அனுமதி வேண்டும். தடையின்மைச் சான்றில் நான்காவதாக ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும்: இவர் தம் பணியிடத்தையே ஆராயலாம், அதன் முடிவு நிறுவனத்துக்குப் பாதகமாக இருப்பினும் அதனால் இவருக்குப் பணியில் பாதிப்பு நேராது. இந்த நான்காவது வரிக்குக் கையொப்பம் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பதை அறிவேன்; அதனால்தான் அது விதியாக வர வேண்டும் என்கிறேன்.

இது குறித்துத் தாங்கள் கலந்தாய்வு நடத்தினால் பதிவேடுகளுடன் நேரில் வரத் தயாராக இருக்கிறேன். ஐ.டி.ஓ. மெட்ரோவிலிருந்து தங்கள் அலுவலகம் நடக்கும் தூரம்தான். நேரம் மட்டும் மாலை நான்குக்குப் பிறகு என்றால் நல்லது. அதற்கு முன் என்னால் பள்ளியை விட்டுக் கிளம்ப இயலாது.

இப்படிக்கு,
ஒரு பள்ளித் துணை முதல்வர்,
புது தில்லி.