பால் மட்டும் போதாதம்மா

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன். அன்றைக்கு வீடியோவில் பேசும்போது சட்டென்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு போனே இல்லை. பேரன் சுவரைச் சுரண்டி வாயில் போடுகிறானே என்றுதானே அம்மா கேட்டாள்? உன் வளர்ப்பை யார் குறை சொன்னது? எட்டாம் மாதத்தில் பிறந்தவனை இந்த அளவுக்குத் தேற்றியிருக்கிறாய். பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறேன்.

ஆனால் சுவரைச் சுரண்டித் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அந்த எட்டாம் மாதம்தான் எனக்குக் கவலை. தாயிடமிருந்து பிள்ளைக்கு இரும்புச்சத்து பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் போய்ச் சேரும். நிறைமாதக் குழந்தைக்கே அந்த இருப்பு ஏறக்குறைய ஆறு மாதம்தான் தாங்கும். இவனுக்கு இன்னும் சீக்கிரம் தீர்ந்திருக்கும். இப்போது ஒன்றரை வயது, இன்னமும் நாள் முழுக்கப் பால் பாட்டில். பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றையும் அடைத்துவிடும், அப்புறம் சாப்பாடு எப்படி இறங்கும்? அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பருப்போ கீரையோ முட்டையோ இறைச்சியோ மசித்துக் கொடு. கூடவே புளிப்பான பழம் கொடுத்தால் சத்து நன்றாகச் சேரும். டீ ஒரு வாய்கூட வேண்டாம். மாப்பிள்ளை செல்லமாக ஊட்டியதைப் பார்த்தேன், சொல்லவில்லை.

முதலில் ரத்தம் எடுத்துப் பார். "குண்டாகத்தானே இருக்கிறான்" என்றாய். கன்னம் உப்பிய பிள்ளைக்கும் ரத்தசோகை வரும். மெதுவாகக் குறைவதால் உடம்பு பழகிக்கொள்ளும், ஓடி விளையாடும். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வகுத்த அளவுப்படி, இரண்டு வயதுக்குள் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 10.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. உடம்பில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். இருப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும்.

போனில் சொல்ல வாய் வராதது ஒன்று உண்டு. மூளை வேகமாக வளரும் வயது இது. இப்போது இரும்பு குறைந்தால், பிற்பாடு மருந்து கொடுத்தாலும் படிப்பிலும் கவனத்திலும் சில பாதிப்புகள் நிலைத்துவிடலாம். அதனால்தான் தொணதொணக்கிறேன். டெஸ்ட் எடு.

நீயாக மருந்து வாங்காதே. பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியாவும் சில சமயம் இப்படித்தான் தெரியும், அதற்கு வைத்தியம் வேறு. டாக்டர் இரும்புச் சொட்டு மருந்து எழுதினால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. காய்ச்சல் விட்டதுமே மருந்தைத் தூக்கிப் போடுகிறவள் நீ. இதில் அது ஆகாது. ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் இருப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் கொடுக்க வேண்டியிருக்கும். மருந்து பாட்டிலைப் பூட்டி வை, பிள்ளை எடுத்து மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

அம்மாவிடம் கோபம் என்றால் இருக்கட்டும், அவளிடம் பேச வேண்டாம். ரிசல்ட் வந்ததும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. இந்த வாரமே எடு.

அப்பா